மெல்லிய ஸ்லீவை நசுக்காமல் பிடிக்க எந்தக் கிளாம்ப்?

100 மி.மீ. வெளிவிட்டம், 92 மி.மீ. உள்விட்டம், 30 மி.மீ. நீளமுள்ள ஸ்லீவ், அதாவது மெல்லிய குழாய்த் துண்டு. 6061 என்ற ரக அலுமினியம். உள்துளையின் வட்டத்தன்மை 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். டிராயிங்கில் பார்த்தால் வெறும் வளையம்தான். எந்த லேத் பட்டறையும் யோசிக்காமல் ரேட் சொல்லிவிடும். சக்கில், அதாவது லேத்தில் பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பானில், இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும், டயல் கேஜ் வைத்தால் முள் அசையாது. கழற்றி மேசையில் வைத்த பிறகு பார்த்தால் துளை வட்டமாக இல்லை.

சுவர் 4 மி.மீ. கனம்தான். பிடித்தபோது உள்ளே அமுங்கிய இடங்கள், விட்டதும் வெளியே வந்துவிடுகின்றன. வளைந்த நிலையில் வட்டமாகக் கடைந்தால், நிமிர்ந்த பிறகு அந்த வட்டம் நிற்காது. இப்படிப்பட்ட ஜாபை, அதாவது கடையும் பாகத்தை, பிடிக்கக் கடையில் கிடைக்கும் வழிகளும் பட்டறையிலேயே செய்துகொள்ளும் வழிகளும் நிறைய உண்டு. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. இந்த ஸ்லீவை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன் டிராயிங்கில் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த 0.02 எந்த நிலையில் தேவை? தனியாக மேசையில் இருக்கும்போதா, வேறு ஒரு ஹவுசிங்கில் அழுத்திப் பொருத்திய பிறகா? தானாக வளையக்கூடிய பாகங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 10579 என்று ஒரு தரநிலை இருக்கிறது. எந்த அளவைப் பிடித்த நிலையில் பார்க்க வேண்டும், எதைச் சும்மா விட்ட நிலையில் பார்க்க வேண்டும் என்று டிராயிங்கிலேயே குறிக்க அது வழி சொல்கிறது. இன்ஜின் பட்டறைகளில் சிலிண்டரின் உட்சுவரைத் தீட்டும் ஹோனிங் செய்யும்போது, மேல்மூடியான ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான தட்டு ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் தீட்டுவார்கள். ஹெட் ஏறியதும் சிலிண்டர் எப்படிக் கோணுமோ, அதே கோணலில் வைத்து வட்டமாக்கிவிடுவது. உங்கள் ஸ்லீவும் பிறகு ஹவுசிங்கில் போகப்போகிறது என்றால், வாடிக்கையாளரிடம் ஒரு போன் பேசினாலே பாதிச் செலவு மிச்சமாகலாம். இங்கே தனி நிலையில்தான் 0.02 வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று ஜா சக்: கணக்கு என்ன சொல்கிறது

மெல்லிய வளையத்தை மூன்று இடத்தில் சமமாக அழுத்தினால் எவ்வளவு உள்வாங்கும் என்பதற்குப் பொறியியல் புத்தகங்களில் ஒரு சூத்திரம் உண்டு. விசை, ஆரத்தின் கனம் (ஆரம் × ஆரம் × ஆரம்) இரண்டையும் பெருக்கி, உலோகத்தின் விறைப்பாலும் சுவரின் வளைவெதிர்ப்பாலும் வகுத்து, சுமார் 0.016 என்ற எண்ணால் பெருக்கினால் போதும். நம் ஸ்லீவுக்கு ஒரு ஜாவுக்கு (சக்கின் பிடிக்கும் தாடை) 1000 நியூட்டன், அதாவது பட்டறைக் கணக்கில் 100 கிலோ என்று வைத்தால், ஜா தொடும் இடம் ஏறக்குறைய 0.16 மி.மீ. உள்ளே போகும். ஜாக்களுக்கு நடுவே உள்ள இடம் 0.14 மி.மீ. வெளியே பிதுங்கும். ஆக 0.3 மி.மீ. கோணல். நமக்கு வேண்டியது 0.02. ஜாவுக்கு அகலம் இருக்கிறது, அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். பதினைந்து மடங்கு குறையாது.

100 கிலோ என்பதுகூட மிக மென்மையான பிடி. 8 அங்குல ஹைட்ராலிக் சக் முழு அழுத்தத்தில் பல டன் பிடிக்கும். அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த சிலிண்டரை நூறு கிலோ அளவுக்கு இறக்கி நம்பிக்கையோடு ஓட்ட முடியாது.

அதே சூத்திரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. சுவர் கனம் பாதியானால் கோணல் 8 மடங்காகும். எனவே 4 மி.மீ.யில் தேறிய வழி 2 மி.மீ.யில் தேறும் என்று நினைக்கவே கூடாது. அப்புறம், '6061 மென்மையானது, 7075 ரகம் போட்டால் கோணாது' என்று சொல்பவர்கள் உண்டு. 7075 வலிமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 70 கிகாபாஸ்கல். அலாய் மாற்றினால் பணம்தான் போகும், கோணல் அப்படியே இருக்கும்.

இங்கே அளவெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று ஜா போட்ட கோணல் மூன்று முனைக் கோணல். ஒரு பக்கம் மேடாக இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும். வெர்னியரையோ இரண்டு முனை போர் கேஜையோ எந்தத் திசையில் வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே விட்டம்தான் காட்டும். பட்டறையில் பாஸாகி வாடிக்கையாளரிடம் திரும்பும் ஜாப்களில் இது ஒரு பெரிய ரகம். மூன்று கால் போர் மைக்ரோமீட்டரை வைத்துப் படித்துவிட்டு, 60 டிகிரி திருப்பி மறுபடியும் படியுங்கள். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

பிடியைப் பரப்புவது

ஆறு ஜா சக்கில் மொத்த விசை அதே 300 கிலோ என்றால், ஒரு ஜாவுக்கு 50 கிலோதான். ஜாக்களுக்கு நடுவே உள்ள வளைவும் குட்டையாகிவிடுகிறது. கணக்கில் உள்வாங்கல் 0.16லிருந்து 0.008க்கு இறங்குகிறது, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஆனால் இது ஆறு ஜாவும் ஒரே அளவு விசை கொடுத்தால் மட்டும். ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் அமைப்புள்ள ஆறு ஜா சக்குகள் விலை அதிகம். சமன்செய்யாத மலிவான ஆறு ஜாவில், ஜாப் லேசாக நீள்வட்டமாக இருந்தாலே எதிரெதிர் ஜாக்கள் இரண்டு மட்டும் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். அது மூன்று ஜாவைவிட மோசம்.

இன்னொரு வழி, ஜாபைச் சுற்றி முழுவதும் அணைக்கிற அகல சாஃப்ட் ஜா (ஜாபின் அளவுக்குக் கடைந்துகொள்ளும் மென்மையான ஜா), பட்டறையில் பை ஜா என்பார்கள். விசை எல்லாப் பக்கமும் சமமாகப் போனால் வளையம் வளைவதில்லை, சுருங்க மட்டும் செய்கிறது. அதே 300 கிலோவுக்கு ஆரத்தில் சுருக்கம் 0.003 மி.மீ.கூட இல்லை. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு, வட்டம் கெடாது. விலையும் கம்மி. பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம் என்பதால் பலரும் முதலில் இங்கேதான் வருவார்கள். வருவதில் தப்பும் இல்லை.

ஆனால் ஜாவை எந்த விட்டத்துக்குக் கடைகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜாபைவிடப் பெரிதாகக் கடைந்தால் ஒவ்வொரு ஜாவும் நடுவில் மட்டும் தொடும், பழைய மூன்று புள்ளிக் கதைதான். சற்றே சிறிதாகக் கடைந்தால் இரு ஓரமும் தொட்டு ஆறு புள்ளியாகும், அது தேவலை. சரியாக அதே அளவு என்றால்தான் முழு அணைப்பு. ஆக, உள்ளே வரும் ஜாபின் வெளிவிட்டம் பீஸுக்குப் பீஸ் 0.1 மி.மீ. ஏறி இறங்கினால் பை ஜாவின் பலன் பாதி போய்விடும். வெளிவிட்டத்தை முதலில் ஒரே அளவாகக் கடைந்த பிறகே இதில் வைக்க வேண்டும். ஜாவைக் கடையும்போதும், ஜாபைப் பிடிக்கப்போகும் அதே அழுத்தத்தில், உள்ளே ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு கடைய வேண்டும்.

வேகம் என்ற எதிரி

மென்மையாகப் பிடிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பல சமயம் மறந்துவிடுவது இதை. சக் சுழலும்போது ஜாக்களும் வெளியே போகப் பார்க்கும். ஒரு கிலோ எடையுள்ள ஜா, மையத்திலிருந்து 70 மி.மீ. தூரத்தில், 2000 ஆர்பிஎம்மில் சுழன்றால், அது வெளியே இழுக்கும் விசை சுமார் 3000 நியூட்டன். நீங்கள் ஜாவுக்கு 1000 நியூட்டனில் பிடித்திருந்தால், அந்த வேகம் வருவதற்குள் பிடி முழுவதும் தளர்ந்து, ஜாப் காற்றில் பறக்கும். 1000 ஆர்பிஎம்மில் அதே ஜா இழுப்பது 770 நியூட்டன். 1000இல் 770 போனால் மீதி 230தான்.

பை ஜா அகலமானது, அதனால் எடையும் அதிகம். இரும்பில் செய்தால் இன்னும் மோசம். அலுமினியத்தில் செய்யுங்கள், பின்புறத்தைக் குடைந்து எடை குறையுங்கள், ஆர்பிஎம்முக்கு ஒரு உச்சவரம்பை புரோகிராமிலேயே எழுதிவையுங்கள். மாறா வெட்டுவேகத்தில் ஓட்டும்போது கருவி மையத்தை நெருங்க நெருங்க மெஷின் தானாகவே வேகத்தை ஏற்றும். அந்த வரம்பு எழுதாத புரோகிராமை இப்படிப்பட்ட ஜாபுக்கு ஓட்டவே கூடாது. 100 மி.மீ. விட்டத்துக்கு 1000 ஆர்பிஎம்மே நிமிடத்துக்கு 314 மீட்டர். அலுமினியத்துக்கு அது தாராளம்.

உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் மேன்ட்ரலில் சிக்கல் தலைகீழ். சுழல்வேகம் பிடியைக் கூட்டும். ஹைட்ராலிக் விரிவு மேன்ட்ரல் சில மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மையம் காட்டும், சுற்றிலும் சமமாக அழுத்தும். ஆனால் அதில் வெளிப்புறத்தைத்தான் கடைய முடியும், உள்துளை ஏற்கனவே முடிந்திருக்க வேண்டும். நமக்குக் கடினமான அளவு உள்துளை என்பதால், இது இரண்டாவது செட்டிங்குக்கு மட்டும். விரியும் தூரமும் மிகக் குறைவு, ஒரு அளவுக்கு ஒரு மேன்ட்ரல். ஆயிரக்கணக்கில் ஓடும் ஜாபுக்கே கட்டுப்படியாகும்.

பக்கவாட்டில் அழுத்தாமல் மேலிருந்து அழுத்துவது

என் கணிப்பில் இந்த ஸ்லீவுக்குச் சரியான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு வளையம் பக்கவாட்டில் எவ்வளவு பலவீனமோ, நீளவாக்கில் அவ்வளவு பலம். அதே 3000 நியூட்டனை ஸ்லீவின் முகத்தில், அச்சின் திசையில் கொடுத்துப் பாருங்கள். சுவரின் குறுக்குப் பரப்பு சுமார் 1200 சதுர மி.மீ. அழுத்தம் சதுர மி.மீ.க்கு 2.5 நியூட்டன்தான். 30 மி.மீ. நீளத்தில் சுருக்கம் ஒரு மைக்ரான். பக்கவாட்டில் 160 மைக்ரான் கோணிய அதே விசை! பேரிங் வளையங்களைத் தீட்டும் மெஷின்களில் வளையத்தைச் சுற்றி இறுக்குவதே இல்லை. முகத்தைக் காந்தத் தட்டில் ஒட்டவைத்து, வெளிப்புறத்தை ஷூ எனும் தாங்குகட்டைகள் தாங்க, சுழற்றுவார்கள். அவர்களும் இதே காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

அலுமினியத்தில் காந்தம் வேலை செய்யாது. எனவே ஒரு கிண்ணம் மாதிரி ஃபிக்சர் (ஜாபை உட்காரவைத்துப் பிடிக்கும் தாங்கி) செய்ய வேண்டும். ஸ்லீவ் உள்ளே லேசான இடைவெளியில் இறங்கும், அடிமுகம் ஒரு தட்டையான படியில் உட்காரும், மேலே ஒரு வளையம் ஸ்லீவின் விளிம்பை மட்டும் அழுத்தும். நடுத்துளை முழுவதும் திறந்திருக்கும், துளையைக் கடையும் போரிங் பார் தாராளமாகப் போய்வரும். வளையத்தை ஆறு எம்6 (6 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூவால் இறுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0.6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், அது அல்லன் சாவியை விரல் நுனியால் திருகும் அளவுதான். ஒன்றுக்கு 500 நியூட்டன் வரும், ஆறுக்கு 3000. சாவியின் நீளக் கையைப் பிடித்து 'நச்'சென்று இறுக்கும் பழக்கமுள்ள ஆபரேட்டர் இதை ஒரே நாளில் கெடுத்துவிடுவார். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் சாவி வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

பிடி போதுமா? ரஃபிங்கில், அதாவது முதல் கரடான வெட்டில், 2 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.25 மி.மீ. ஃபீட் (கருவி நகரும் தூரம்) என்றால் வெட்டுவிசை 400 நியூட்டன் பக்கம் வரும். 46 மி.மீ. ஆரத்தில் அது 18 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இரண்டு முகத்திலும் உராய்வு 0.15 என்று வைத்தாலே ஃபிக்சர் 43 வரை தாங்கும். இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. கடைசி ஃபினிஷ் கட்டில் வெட்டுவிசை சில பத்து நியூட்டன்தான், அங்கே கவலையே வேண்டாம். கிண்ணத்துக்கு வெளியே போக நினைக்கும் ஜாக்கள் கிடையாது, எனவே வேகமும் பிடியைத் தளர்த்தாது.

குறை இல்லாமல் இல்லை. அடிமுகமும் மேல்முகமும் தட்டையாக, இணையாக இருந்தாக வேண்டும். அடிமுகம் 0.05 வளைந்திருந்தால் கிளாம்ப் அதை நிமிர்த்திப் பிடிக்கும், விட்டதும் அது தன் பழைய வளைவுக்குப் போய்விடும், துளையும் கூடவே போகும். ஆக முகங்களை முதலிலேயே சுத்தமாக எடுக்க ஒரு செட்டிங் தேவை. ஒரு சின்ன உலோகச் சுருள் அடியில் மாட்டினாலும் இதே கதிதான், ஒவ்வொரு முறையும் ஏர் அடித்துத் துடைக்க வேண்டும். ஆறு ஸ்க்ரூ நேரம் தின்னும். அதற்குப் பதில் ஒரே மரையுள்ள மூடி போட்டால் வேகம், ஆனால் மூடி திரும்பும்போது ஸ்லீவையும் சேர்த்து முறுக்கும். நடுவில் திரும்பாத ஒரு வளையத்தை வைத்தால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் செய்யாமலே தப்பிக்கும் வழி

ஐந்தாறு பீஸ்தான் வேண்டும், ரா மெட்டீரியலும் நாமே வாங்குகிறோம் என்றால், ஃபிக்சரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கனமான குழாயாக வாங்கி, பிடிக்க 15 மி.மீ. கூடுதலாக விட்டு, அந்தக் கனமான பகுதியைச் சாதாரண சாஃப்ட் ஜாவில் பிடித்து, முகம், வெளிப்புறம், உள்துளை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடித்துக் கடைசியில் வெட்டி இறக்கிவிடலாம். மெல்லிய பகுதியை எந்த ஜாவும் தொடுவதே இல்லை. 102 வெளி, 80 உள் என்ற குழாயில், வெட்டுக் கருவியின் அகலத்தையும் சேர்த்து வீணாவது பீஸுக்கு 150 கிராம் அலுமினியம். ஃபிக்சர் டிசைன் போடும் நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. 8 அங்குல சக் மெஷினில் 100 மி.மீ. குழாய் ஸ்பிண்டிலுக்குள் போகாது, ஆனால் 110, 115 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்தால் ஒரு துண்டில் மூன்று பீஸ் எடுத்துவிடலாம், பீஸுக்கு வீணும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். வெட்டிய முகத்தை மட்டும் பிறகு லேசாகப் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கோவையில் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளுக்கு இந்த வழி பல சமயம் அடைபட்டுவிடும். மெட்டீரியலைக் கம்பெனியே அளவாக அறுத்துக் கொடுத்துவிடும். இரண்டு மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கும். அப்போது கிண்ண ஃபிக்சர்தான். ஐம்பது பீஸ் முதல் சில நூறு பீஸ் வரை நான் அதையே சொல்வேன். வெளிவிட்டம் ஏற்கனவே ஒரே அளவில் வருகிறது, சகிப்பு (அனுமதிக்கும் விலகல்) 0.05 போதும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் பை ஜா. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் வரும், ஆர்டர் நிலையானது என்ற உறுதி இருந்தால் மட்டும் சமன்செய்யும் ஆறு ஜாவுக்குக் காசு போடலாம்.

ஸ்லீவ் அல்லாத ஜாப்களுக்குச் சுருக்கமாக. 3 மி.மீ. அலுமினியத் தகடு என்றால் வேக்கம் தட்டு நல்லது. ஆனால் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 நியூட்டனைத் தாண்டாது. 100க்கு 100 தகட்டில் கீழ்நோக்கி 900 கிடைத்தாலும், பக்கவாட்டுக்கு உராய்வு மட்டும்தான், அது 200க்குக் கீழே. பக்கத்தில் இரண்டு ஸ்டாப்பர் இல்லாமல் ஓட்டாதீர்கள். சின்னச் சின்ன பாகங்களுக்கு, தகட்டிலும் ஜாபிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் சூப்பர் குளூ போடும் வித்தை நன்றாகவே நிற்கும், சூடு ஏறாதவரை. பிடிக்க இடமே இல்லாத உருவங்களைத் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பொருளில் பதித்துவிடலாம். பொற்கொல்லர் மெல்லிய தங்கத் தகட்டை அரக்கில் பதித்து வேலை செய்வது இதே தத்துவம். டர்பைன் பிளேடுகளை 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் தகரக் கலவையில் பதித்துத் தீட்டியிருக்கிறார்கள். அங்கே நிக்கல் அலாயில் பிஸ்மத் ஒட்டிக்கொண்டால் ஆபத்து என்பதால் பிறகு சுத்தம் செய்வதே தனி வேலை. 70 டிகிரியில் உருகும் உட்ஸ் மெட்டல் கையாள எளிது என்று யாராவது சொன்னால், அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதை நினைவில் வையுங்கள். கண்ணாடி, செராமிக் இரண்டும் வளையாது, உடையும். அங்கே கோணல் கணக்கைவிட முக்கியம், கிளாம்ப் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே தாங்கும் புள்ளி இருப்பதும், நடுவில் மெல்லிய ரப்பரோ நைலானோ இருப்பதும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ரஃபிங்கையும் ஃபினிஷையும் ஒரே பிடியில் செய்ய வேண்டாம். 0.3 மி.மீ. விட்டு ரஃப் எடுத்து, கழற்றி, உலோகத்தின் உள்ளிறுக்கம் போன போக்கில் நகர்ந்து முடியட்டும். ஜாப் ஆறியதும் குறைந்த விசையில் பிடித்து முடியுங்கள். அலுமினியம் 10 டிகிரி சூடேறினால் 100 மி.மீ. விட்டத்தில் 0.023 மி.மீ. விரியும், அது நம் சகிப்பைவிட அதிகம். சூடாக அளந்து கை வைத்தால் எந்த கிளாம்பும் காப்பாற்றாது.

முதல் பீஸில் ஜா அல்லது ஸ்க்ரூ இருந்த இடங்களை மார்க்கரால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மேடு பள்ளம் அந்தக் குறிகளோடு ஒத்துப்போனால் குற்றம் பிடியில், விசையைக் குறைத்து இன்னொன்று ஓட்டிப் பார்க்கலாம். ஒத்துப்போகாமல் நீள்வட்டமாக மட்டும் இருந்தால் கிளாம்பைத் தொடாதீர்கள். மெட்டீரியலின் உள்ளிறுக்கமோ, ஆறாமல் கடைந்ததோதான் காரணம், ரஃபிங்குக்கும் ஃபினிஷுக்கும் இடையே ஜாபை ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.